கேட்க ஓர் ஆள் வேண்டும்

கேள்வி: தருமபுரி பக்கத்தில் ஒரு கிராமத்தில் மூன்று வருடமாகச் சத்துமாவு, ராகி மால்ட், சாமை உப்புமா மிக்ஸ் செய்து விற்கிறேன். அதற்கு முன்னால் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஏழு வருடம் குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு நாள்கூட ரிப்போர்ட்டைத் தள்ளிப்போட்டதில்லை. சொந்தத் தொழிலில் எல்லாமே தள்ளிப்போகிறது. பெங்களூர் உட்படப் பல ஊர்க் கடைகளிலிருந்து 1,40,000 ரூபாய் வர வேண்டும், போன் எடுத்துக் கேட்கவே மனசு வரவில்லை. ஜி.எஸ்.டி.க்கு இரண்டு முறை தாமதக் கட்டணம் கட்டிவிட்டேன். தோழி ஒருத்தி, 'விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வைத்துக்கொள், அவர்கள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் தினம் இரண்டு மணி நேரம் பார்ப்பார்கள், மாதம் 8,000 ஆகும்' என்கிறாள். வீட்டுக்காரரோ, 'உன் வேலையை உனக்கு ஞாபகப்படுத்த இன்னொருத்திக்குச் சம்பளமா?' என்கிறார். எனக்கும் அது உறுத்துகிறது. வைக்கலாமா?
- வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: வையுங்கள் சகோதரி. உறுத்த வேண்டிய விஷயமே இல்லை இது.

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஏழு வருடம் ஒரு ரிப்போர்ட்கூடத் தள்ளிப்போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே ஆள்தானே இப்போதும்? அங்கே ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு சூப்பர்வைசர் வந்து நிற்பார், அடுத்த ஷிப்டுக்காரர் ரிஜிஸ்டரைப் புரட்டுவார், நீங்கள் எழுதாமல் விட்டால் அவருடைய வேலை நின்றுபோகும். இப்போது முதலாளியும் நீங்களே, தொழிலாளியும் நீங்களே, கேட்க ஆளில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

2016-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 138 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எடுத்த காரியம் எதுவரை வந்திருக்கிறது என்று அடிக்கடி கணக்குப் பார்க்கிறவர்கள் அதை முடிப்பது கூடுகிறது, அந்தக் கணக்கை எழுதி வைத்தால் அல்லது இன்னொருவரிடம் சொன்னால் பலன் இன்னும் கூடுகிறது என்று தெரிந்தது. கம்பெனி ரிஜிஸ்டர் உங்களுக்குச் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான்.

எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர்ப் பக்கம் எங்களுக்கு மாங்கன்று நர்சரி இருக்கிறது. ஒரு வருடம் விவசாயி ஒருவர் 200 கன்று கேட்டிருந்தார், எப்போது அனுப்புவது என்று நான்தான் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது, மழை விழுந்ததும் அவர் வேறு இடத்தில் வாங்கி நட்டுவிட்டார். அவர் கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. அதற்கப்புறம்தான் பாலக்கோட்டிலிருந்து ஒரு பெண்ணைத் தினம் இரண்டு மணி நேரத்துக்கு வைத்தேன், முழுக்க வாட்ஸ்அப்பிலும் போனிலும்தான். சேர்ந்த மூன்றாவது நாளே மாலை ஆறு மணிக்கு அவளிடமிருந்து மெசேஜ்: "அக்கா, காவேரிப்பட்டணம் பார்ட்டிக்கு ரேட் சொல்லியாச்சா?" நான் வழக்கம்போல "நாளைக்கு" என்று போட்டேன். உடனே கேட்டாள், "நாளைக்கு எத்தனை மணிக்கு அக்கா?" போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பதில் எதுவும் டைப் பண்ணாமல் அந்தப் பார்ட்டிக்கே போன் போட்டேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது பேச்சு.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் சம்பளம் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 'நானே கேட்கிறேனே, எதற்குக் காசு?' என்று அவர் சொல்லலாம், நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனால் வீட்டு மனுஷர் கேட்டால் அது சாப்பாட்டு நேரத்தில் சண்டையாகிவிடும், அல்லது உங்கள் முகம் வாடியதைப் பார்த்து அவரே கேட்பதை விட்டுவிடுவார். வெளி ஆளுக்கு அது வேலை, அதனால் தவறாமல் கேட்பார். இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் விலைப்பட்டியல் கொடுத்தால்தான் அவர் கடைகளுக்கு அனுப்ப முடியும், கொடுக்கவில்லையென்றால் அந்த இரண்டு மணி நேரமும் நீங்கள் காசு கொடுத்து ஒருத்தரைச் சும்மா உட்கார வைத்திருக்கிறீர்கள். ஒருத்தி நமக்காகக் காத்திருக்கிறாள் என்ற நினைப்பே பாதி வேலையை முடிக்க வைக்கும்.

எப்படி நடத்துவது என்று கேட்டால், நான் செய்வதைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கு மூன்று வேலை, மூன்றே மூன்று, வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடுவேன். அவள் அதை ஷீட்டில் தேதியோடு ஏற்றுவாள். மாலை ஆறுக்கு எது முடிந்தது, எது முடியவில்லை, முடியாததற்கு எந்த நாள், எத்தனை மணி என்று கேட்பாள். சனிக்கிழமை அரை மணி நேரம் போனில் பேசி அந்த வாரத்து ஷீட்டை இரண்டு பேரும் பார்ப்போம். ஆரம்பத்திலேயே நீங்கள் வைக்கிற ஆளிடம் வாயால் சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு: 'நான் மழுப்பினால் விடாதே, திரும்பக் கேள், நான் கோபப்பட மாட்டேன்.' இதைச் சொல்லவில்லையென்றால் சம்பளம் வாங்குகிற பிள்ளைக்கு முதலாளியைக் கேட்க எங்கிருந்து தைரியம் வரும்? சொன்னபடி நீங்களும் கோபப்படக் கூடாது. முதல் பத்து நாள் அவருடைய மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கத் தோன்றும், 'ஆகலை' என்றாவது போட்டுவிடுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். வெளி மாநிலமான பெங்களூருக்கும் சரக்கு போவதால்தான் ஜி.எஸ்.டி. எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாதாமாதம் போடுகிறவர் என்றால் விற்பனைக் கணக்கு அடுத்த மாதம் 11-ந் தேதிக்குள், வரி கட்டுகிற 3பி ரிட்டர்ன் 20-ந் தேதிக்குள். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், 24 நாள் விட்டால் 1,200, வரி பாக்கிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி தனி. ஆடிட்டர் ஆபீஸில் போட்டுக் கொடுப்பார்கள்தான், ஆனால் பில்லை நீங்கள் அனுப்பினால்தானே போடுவார்கள்? 5-ந் தேதி பில் எல்லாம் ஆடிட்டருக்குப் போயாக வேண்டும் என்பதை நீங்கள் வைக்கிற பெண்ணிடம் ஒப்படையுங்கள். விற்பனை ஐந்து கோடிக்குள் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிற திட்டமும் இருக்கிறது, உங்களுக்குச் சரிவருமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கடைப் பாக்கிதான் பெரிய விஷயம். நீங்கள் பொருளைத் தயாரிக்கிறவர். மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் இருந்தால் 2006-ம் வருடத்துச் சிறுதொழில் சட்டப்படி, எழுதிப் போட்ட ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கடைக்காரர் பாக்கி வைக்க முடியாது, எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் வட்டியோடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காகச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லவில்லை, நாளைக்கும் அதே கடையில் சரக்குப் போட வேண்டுமே. சரக்கு போன 10-வது நாள் ஒரு மெசேஜ், 15-வது நாள் ஒரு போன் என்று வேறொருவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாலே பெரும்பாலான கடைக்காரர்கள் கொடுத்துவிடுவார்கள். கேட்கக் கூச்சப்படுவது நீங்கள்தான், கொடுக்க அவர்களுக்கு அவ்வளவு கூச்சம் இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பிள்ளை கிடைத்தால் பெங்களூர்க் கடைகளுக்கு இன்னும் வசதி. பென்னாகரம், அரூர்ப் பக்கமும் டிகிரி முடித்துக் கல்யாணமாகி, குழந்தையை விட்டு வெளியே போக முடியாமல் கம்ப்யூட்டரோடு வீட்டில் இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர், அங்கேயும் விசாரியுங்கள்.

பேங்க் பாஸ்வேர்டு, ஓ.டி.பி., யு.பி.ஐ. பின் எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், எவ்வளவு நம்பிக்கையான பிள்ளையாக இருந்தாலும். யார் எவ்வளவு தர வேண்டும் என்ற ஷீட் போதும் அவருக்கு. முதல் மாதம் சோதனை என்று சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த மாதத்துக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எந்தக் கடையை விடுவது, எந்த மிக்ஸை நிறுத்துவது, விலையை ஏற்றுவதா வேண்டாமா, இதையெல்லாம் அவர் தீர்மானிக்க முடியாது. அங்கே நீங்கள் தயங்கிக்கொண்டிருந்தால் அவர் தினமும் கேட்டும் பயனில்லை, 8,000 ரூபாய் வீண்தான். அதனால் ஆள் தேடுவதற்கு முன்னால் இரண்டு வாரம், பழைய கம்பெனி ரிஜிஸ்டர் மாதிரியே ஒரு நோட்டுப் போட்டு, தள்ளிப்போனது ஒவ்வொன்றையும் அதனால் நின்ற பணத்தையும் எழுதி வாருங்கள். வீட்டுக்காரரிடமும் அந்த நோட்டையே காட்டுங்கள்.

ஆள் சேர்ந்த முதல் நாள் நிறைய வேலை கொடுக்க வேண்டாம். பாக்கிக் கடைகளின் பெயர், தொகை, பில் தேதி மூன்றையும் அனுப்பி, அதில் பெரிய தொகை வைத்திருக்கிற கடைக்கு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நானே பேசுகிறேன், பதினொன்றே காலுக்கு என்னைக் கேள் என்று மட்டும் சொல்லுங்கள்.