பழைய வவ்வால் மாடலுக்கு எத்தனை நகம் வைக்கணும்?

கேள்வி: பொண்ணு ஏழாவது படிக்கிறா. ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு ஓனிகோநிக்டெரிஸ்னு அழிஞ்சுபோன வவ்வால் மாடல் செய்யறோம், கட்டுக்கம்பியும் பழைய குடைத்துணியும் வச்சு. நெட்ல ஒரு படத்துல விரலுக்கு விரல் நகம் இருக்கு, இன்னொண்ணுல கட்டைவிரல்ல மட்டும். காதும் அதே மாதிரி, ஒண்ணுல பெருசு ஒண்ணுல சிறுசு. எது சரி?

பதில்: நகத்துல சந்தேகமே வேணாம் சார், ஒரு கைக்கு அஞ்சு, ரெண்டு கைக்கும் சேத்து பத்து வைங்க. அதோட பேருக்கே நகமுள்ள வவ்வால்னுதான் அர்த்தம். இப்ப உள்ள வவ்வால்ல பெரும்பாலும் கட்டைவிரல்ல மட்டும்தான் நகம், பழந்தின்னி வகையில நிறையதுக்கு ஆள்காட்டி விரல்லயும் ஒண்ணு இருக்கும், அவ்ளோதான், அந்தப் படம் வரைஞ்சவர் இன்னைக்கு உள்ள வவ்வாலப் பாத்து வரைஞ்சிருப்பார்னு நினைக்கிறேன். அமெரிக்காவுல வயோமிங்ல கிரீன் ரிவர் பாறைன்னு ஒரு பழைய ஏரிப்படிவு, மீன் ஃபாசிலுக்குப் பேர் போன இடம், அங்க கிடைச்சதுதான் இது, வயசு சுமாரா 5 கோடியே 25 லட்சம் வருஷம். 2008ல வவ்வால் ஆராய்ச்சியாளர் நான்சி சிம்மன்ஸோட டீம் இதுக்குப் பேர் வச்சாங்க.

நகத்தவிட முக்கியம் கை கால் அளவு, இதுல எல்லாரும் கோட்டை விடறாங்க. இப்பத்த வவ்வாலோட ஒப்பிட்டா இதுக்கு முன்கை குட்டை, கால் நீளம். அதனால றெக்கை குட்டையா அகலமா வரும், கொஞ்சம் அடிச்சு கொஞ்சம் மிதந்து பறந்திருக்கும்னு சொல்றாங்க. மரம் ஏறவும் தோதான உடம்பு, தலைகீழா தொங்க விடறதுக்குப் பதிலா ஒரு கிளையைப் பத்து நகத்தாலயும் புடிச்சு ஏறற மாதிரி வச்சுப் பாருங்க, பாக்கறவங்க கண்ணு நேரா நகத்துக்குத்தான் போகும். வால் மறக்காதீங்க, நல்ல நீளம்.

காது... ஃபாசில்ல எலும்புதான் இருக்கு, காது மடல் இல்ல. உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட பகுதி சிறுசா இருக்கறதால இது ஒலி அனுப்பி எதிரொலி வச்சு இரை தேடலன்னு சிம்மன்ஸ் டீம் சொன்னாங்க, 2010ல கனடா டீம் ஒண்ணு தொண்டை எலும்பு காதெலும்பத் தொடுதே, அப்ப எதிரொலி வேலை செஞ்சிருக்கலாமேன்னு மறுத்தாங்க, எலும்புக்கூடு நசுங்கித் தட்டையா கிடக்கறதால ரெண்டு பக்கமும் விடறதா இல்ல. அதனால காது பெருசா சிறுசான்னு உறுதியா சொல்ல முடியாது, நான்னா நடுத்தரமா வைப்பேன்.

கலர் உங்க இஷ்டம், ஆனா ஜெர்மனி மெசல்ல கிடைச்ச கொஞ்சம் பிந்தைய வவ்வால் ஃபாசில்ல நிறமித் துகள் பாத்து செம்பழுப்புன்னு கண்டுபிடிச்சிருக்காங்க, அதையே கடன் வாங்கிக்கலாம். குடைத்துணி கறுப்புன்னா மேல லேசா பிரவுன் பெயின்ட் அடிங்க.