பூச்சு உப்பினால் பல்ஜ், கம்பி நீட்டினால் ப்ரொட்ரூட்

சீலிங் பூச்சு உப்பியிருப்பதை ஹவுஸ் ஓனருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுத 'பல்ஜ்' (bulge) தான் சரி. உங்கள் மெயில் வரைவில் நீங்கள் போட்டிருக்கும் 'ப்ரொட்ரூட்' (protrude) அங்கே பொருந்தாது.

இரண்டையும் 'வெளியே தள்ளுவது' என்றே மனதில் வைத்திருப்பதால் வந்த குழப்பம் என்று நினைக்கிறேன். தமிழில் நமக்குத் தனித்தனிச் சொல்லே இருக்கிறது: உப்புவது பல்ஜ், துருத்திக்கொண்டு நிற்பது ப்ரொட்ரூட்.

பெசன்ட் நகர் பக்கம் பழைய பால்கனி எதையாவது அண்ணாந்து பாருங்கள். உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கும். முதலில் பூச்சு தொப்பை மாதிரி உருண்டு வரும், ஆனால் உடையாது, அதுதான் பல்ஜ். பூச்சு பெயர்ந்து விழுந்தபின் கம்பி நுனி நீட்டிக்கொண்டு நிற்குமே, அது ப்ரொட்ரூட்.

எழுதுமுன் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'உப்பி' வாயில் வந்தால் பல்ஜ், 'துருத்தி' வந்தால் ப்ரொட்ரூட்.

பிதுங்கிய கண்ணுக்கு இரண்டு சொல்லும் பொருந்தும். முதுகு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் மட்டும் மாற்றிவிடாதீர்கள்: முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கின் சுற்றளவில் 25 சதவீதத்துக்கு மேல் பரவலாகத் தள்ளியிருந்தால் பல்ஜ், ஓரிடத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் ப்ரொட்ரூஷன்.

உப்பிய இடத்தைக் கம்பால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அதன் கீழே யாரையும் படுக்க விடாதீர்கள். மெயிலை இன்றே அனுப்புங்கள்.