பழைய ஜிஎம்சி மோட்டார்ஹோம் வெயிலில், ஏற்றத்தில் நின்றுபோவது ஏன்?

உங்கள் 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம் (வீட்டு வசதியுள்ள பெரிய வண்டி), அமெரிக்காவின் நெவாடா வெயிலில் மலையேறும்போது திணறி நின்றுவிடுகிறது, ரேடியேட்டர் மாற்றியும் பயனில்லை என்கிறீர்கள். வெப்ப ஊசி சிவப்பைத் தொடாமலே வண்டி நின்றுவிடுகிறதென்றால், கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் பாதையில்தான்.

7.5 லிட்டர் ஓல்ட்ஸ்மொபில் இன்ஜின் முன்னால் இருக்கிறது; டேங்குகளோ வெகுதூரம் தள்ளி, தரைக்கடியில். இன்ஜினில் இருக்கும் பம்ப் அங்கிருந்து உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரமே கொதித்து ஆவியாகும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஆவியை இழுக்க பம்பால் முடியாது. டேங்கை ஒட்டி மின்சார பம்ப் வைத்தால், பெட்ரோல் அழுத்தத்தோடு தள்ளப்பட்டு வரும். அதை, இன்ஜின் ஆயிலில் அழுத்தம் இருந்தால் மட்டுமே மின்சாரம் விடும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாகவே இணையுங்கள். விபத்தில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சரி, ஊசி உண்மையிலேயே ஏறுகிறதா? அப்படியானால், சூட்டுக்கேற்ப விசிறியின் வேகத்தைக் கூட்டும் ஃபேன் கிளட்சைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் கசிந்துவிட்டால், சூட்டிலும் விசிறி சோம்பலாகத்தான் சுற்றும். ஏற்றத்தில் கியரைக் குறைத்தால் தண்ணீர் பம்பும் விசிறியும் வேகமெடுக்கும். அப்புறம், வண்டி நிற்பதற்குத் தொடர்பில்லை என்றாலும், டயரின் பக்கவாட்டில் இருக்கும் தயாரிப்பு வாரம், ஆண்டைப் படியுங்கள். பட்டன் (சாலையைத் தொடும் வரிப்பள்ளங்கள்) நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் வெயிலில் வெடிக்கும்.