காது கேட்காத பையனிடம் ‘நோ’ சொல்வது எப்படி? மாற்றுத்திறன் பிள்ளைகளின் கிரிக்கெட்: கேள்வி பதில்

காது கேளாதோர் பள்ளி ஒன்றில் பதினாறு வருடமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கிளப்பில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து ஆட வைக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில்.

என் மகனுக்கு 9 வயது. பிறவியிலேயே காது கேட்காது. தெருவில் டென்னிஸ் பாலில் நன்றாக ஆடுகிறான். கிளப்பில் கேட்டால் ‘கூப்பிட்டா கேக்காதேம்மா, பந்து பட்டுட்டா யார் பொறுப்பு?’ என்கிறார் கோச். அவர் சொல்வது சரியா சார்? (ஒரு அம்மா, கரூர்)

பாதி சரி அம்மா. பேட்டிங்கில் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. பந்தைக் கண்ணால்தானே பார்க்கிறோம்! ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது நெட், அதாவது வலைக்குள் நடக்கும் பயிற்சி. பக்கத்து நெட்டிலிருந்து பந்து பறந்து வந்தால் எல்லோரும் கத்துவார்கள், இவன் திரும்ப மாட்டான். அதனால் ஓரத்து நெட்டைக் கொடுக்கச் சொல்லுங்கள். பந்து பொறுக்கும்போதும் ஹெல்மெட் தலையில் இருக்கட்டும்.

இரண்டாவது, உயரமான கேட்ச். மற்றவர்கள் ‘மைன்’ (என்னுடையது) என்று கத்திவிட்டு ஓடுவார்கள். எங்கள் பள்ளியில் இரண்டு பையன்கள் வானத்தைப் பார்த்தபடி ஓடிவந்து மோதி, ஒருவனுக்கு முன்பல் போய்விட்டது. தப்பு என்னுடையது, அதற்கென்று ஒரு விதி வைக்காமல் ஆட விட்டிருந்தேன். இப்போது விதி இதுதான்: முன்னோக்கி ஓடி வருகிறவனுக்குத்தான் கேட்ச், பின்னோக்கி ஓடுகிறவன் விட்டுவிட வேண்டும். முன்னோக்கி வருகிறவனுக்குப் பந்தோடு எதிராளும் கண்ணில் படுவான். கேட்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கிறேன்.

அப்புறம், அந்தக் கோச்சிடம் வாஷிங்டன் சுந்தரைப் பற்றிச் சொல்லுங்கள். தனக்கு ஒரு காது கேட்காது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஆடிய முதல் டெஸ்டிலேயே 62 ரன் எடுத்த ஆள்.

ரன் ஓடும்போது ‘யெஸ், நோ, வெயிட்’ எல்லாம் எப்படி? எங்கள் பிள்ளைகள் ரன் அவுட்டிலேயே காலியாகிறார்கள். (உடற்கல்வி ஆசிரியர், விழுப்புரம்)

எனக்கு இரண்டு வருடம் பிடித்த விஷயம் சார் இது. முதலில் மூன்று சொல்லுக்கும் மூன்று சைகை வைத்தேன். ‘வெயிட்’ சைகையால்தான் பாதி ரன் அவுட். ‘பொறு’ என்று காட்டிய கை எப்போது ‘வா’ என்று மாறியது என்பதை ஓடுகிறவன் கவனிப்பதில்லை. அதைத் தூக்கிவிட்டேன். பேட்டை முன்னால் நீட்டினால் வா. உள்ளங்கையைக் காட்டினால் நில். அவ்வளவுதான்.

முதல் மாதம் முழுக்க முடிவெடுப்பது நான்-ஸ்ட்ரைக்கர் (எதிர்முனையில் நிற்கிற பேட்ஸ்மேன்) மட்டுமே. அடித்தவனுக்குத் தான் அடித்த பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற பழக்கம் இருக்கும், அதை உடைப்பதுதான் பெரிய பாடு. அடித்ததும் எதிரே பார், பந்தை அப்புறம் பார். இதைப் பந்தே இல்லாமல் தினம் பத்து நிமிடம் பழக்குங்கள். ஒருவன் வெறும் பேட்டை வீசுவான், எதிரே இருப்பவன் சைகை காட்டுவான், ஓட வேண்டும் அல்லது நிற்க வேண்டும். இரண்டாவது ரன்னுக்குக் கிரீஸில் பேட்டை வைத்துத் திரும்பும்போது மறுபடி ஒரு பார்வை.

நீங்களும் சில பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் பிள்ளைகளுக்கு உங்கள் முகமும் கையும் இருட்டாகத் தெரியும். வெயில் உங்கள் முகத்தில் அடிக்கட்டும். பேட்டைப் பிடித்துக் காட்டிக்கொண்டே விளக்கம் சொல்லாதீர்கள். ஒன்று கையைப் பார்ப்பார்கள், இல்லை பேட்டைப் பார்ப்பார்கள்.

அம்பயர் சைகைகளுக்கு நான் தனியாக வகுப்பே எடுத்ததில்லை. கிரிக்கெட்டில் அம்பயர் பேசுவதே முக்கால்வாசி கையால்தான், ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். சைகை மொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டல்லவா? எப்போதும் காலில் பந்தை வாங்குகிற ஒருவனுக்கு ‘லெக் பை’ சைகையே பெயராகிவிட்டது. முழங்காலைத் தட்டினால் போதும், அவன்தான்.

மகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சையில் உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வைத்தோம். ஆடலாமா? (ஒரு அப்பா, மதுரை)

அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சரி என்றாலும் டென்னிஸ் பாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கார்க் பால் வேண்டாம். தலையில் அடி படுவதுதான் கவலை. காது கேளாத பிள்ளைகள் சிலருக்கு உடல் சமநிலையும் கொஞ்சம் தடுமாறும். அண்ணாந்து பார்த்துக் கேட்ச் பிடிப்பதை மெதுவாகப் பழக்குங்கள். இன்னொன்று: காது கேளாதோருக்கான சர்வதேசப் போட்டிகளில் நன்றாகக் கேட்கிற காதிலும் குறைந்தது 55 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும், ஆட்டத்தின்போது காதுக் கருவியை (காக்ளியரானால் அதன் வெளிப்பகுதியை) கழற்றிவிட வேண்டும். அதனால் கருவி இல்லாமலும் ஆடிப் பழகட்டும்.

எங்கள் விடுதியில் பார்வையற்ற பிள்ளைகள் டப்பாவில் கல் போட்டு ஆடுகிறார்கள். இது சரியான முறைதானா? (விடுதிக் காப்பாளர், கோவை)

அந்த ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். 1922இல் மெல்போர்னில் பார்வையற்ற தொழிலாளர்கள் தகர டப்பாவுக்குள் கல் போட்டு உருட்டி ஆடியதுதான் தொடக்கம். இப்போது உள்ளே சின்ன உலோகக் குண்டுகள் உருளும் பிளாஸ்டிக் பந்து இருக்கிறது. பந்தைக் கையைத் தாழ்த்தி வீச வேண்டும், பாதி தூரத்துக்குள் தரையில் பட்டாக வேண்டும். பௌலர் ‘ரெடி?’ என்று கேட்டு, பேட்ஸ்மேன் ‘யெஸ்’ சொன்ன பிறகு ‘ப்ளே’ என்று சொல்லித்தான் வீசுவார். பதினொரு பேரில் குறைந்தது 4 பேர் முழுப் பார்வையற்றவர்கள். அவர்கள் அடிக்கிற ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்காகும், ஒரு முறை தரையில் பட்டு வந்த பந்தை அவர்கள் பிடித்தாலும் கேட்ச்தான். வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள்: பந்து ஓடும்போது கை தட்டக் கூடாது.

மகள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். விளையாட்டு பீரியடில் ஸ்கோர் எழுத வைக்கிறார்கள். (ஒரு அம்மா, நாகர்கோவில்)

அது மரியாதையாக ஓரங்கட்டுவது, வேறொன்றும் இல்லை. ‘டேபிள் கிரிக்கெட்’ என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் உருவானது. லார்ட்ஸ் டேவர்னர்ஸ் அறக்கட்டளை அதைப் பள்ளிகளில் நடத்துகிறது, இறுதிப் போட்டி லார்ட்ஸ் மைதானத்திலேயே நடக்கும். டேபிள் டென்னிஸ் மேசையைச் சுற்றிப் பலகை கட்டி, அதில் நகர்த்தக் கூடிய ஃபீல்டர் தகடுகளை வைப்பார்கள். சின்னச் சரிவில் பந்தை உருட்டிவிட்டால் பௌலிங், கையளவு பேட்டால் அடிக்க வேண்டும். ஊர் தச்சரிடம் பிளைவுட்டில் செய்யச் சொல்லலாம். விரல் மட்டும் அசைகிற பிள்ளைகூட பந்து வீசலாம்.

மாணவன் ஒருவனுக்கு வலது கை சூம்பியிருக்கிறது. இடது கையால் பந்து வீசப் பழக்கலாமா? (ஆசிரியர், திருவண்ணாமலை)

அவனையே கேளுங்கள். போலியோவில் சூம்பிய வலது கையால்தான் இந்திய வீரர் பி.எஸ். சந்திரசேகர் லெக் ஸ்பின் போட்டார். 1971இல் ஓவலில் 38 ரன்னுக்கு 6 விக்கெட், மொத்தம் 242 டெஸ்ட் விக்கெட். ஃபீல்டிங்கில் பந்தை எறிவது மட்டும் இடது கையால்.

தலைமை ஆசிரியர் ‘நமக்கெதற்கு வம்பு’ என்கிறார். சட்டம் ஏதாவது உண்டா சார்? (பெயர் வேண்டாம்)

உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 16ஆம் பிரிவு, அரசு நிதி தரும் அல்லது அங்கீகரித்த பள்ளிகளில் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்தத் தாளைக் கடைசியில் எடுங்கள். முதலில் வாரம் ஒரு பீரியட் கேளுங்கள், முதல் ஆட்டத்துக்கு அவரையே டாஸ் போடக் கூப்பிடுங்கள். எனக்கு வேலை செய்தது அதுதான்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் புதிதாக ஆரம்பிக்கிறோம். என்னென்ன வாங்க வேண்டும்? (கிளப் செயலாளர், ஈரோடு)

பிளாஸ்டிக் ஸ்டம்ப் இரண்டு செட், எடை குறைந்த பேட் நான்கு, டென்னிஸ் பால் ஒரு டஜன், ஹெல்மெட் நான்கு. கூப்பிடுவதற்கு ஒரு சிவப்புத் துண்டு. விசிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.