'செவரன்ஸ்' கேள்வி பதில்: மார்க் ஏன் திரும்பி ஓடினான்?

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்தபோது நம்ம பக்கத்தில் பலர் 'செவரன்ஸ்' தொடரின் 2022, 2025 சீசன் இரண்டையும் பார்த்து முடித்திருக்கிறார்கள். கேள்விகளும் வந்து குவிந்துவிட்டன. கதையின் முடிவு வரை பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். பரவாயில்லை, படிக்கிறேன் என்பவர்களுக்கு: லூமன் கம்பெனியில் மூளைக்குள் சில்லு வைத்துக்கொண்டவர், ஆபீஸ் லிஃப்ட்டில் இறங்கியதும் வெளி வாழ்க்கையை மறந்துவிடுவார். வெளியே வந்தால் உள்ளே நடந்தது நினைவிருக்காது. ஒரே உடம்பில் உள் ஆள் ஒருவர், வெளி ஆள் ஒருவர். கதாநாயகன் மார்க்கும் அப்படித்தான்.

பாம்பன்: அண்ணே, கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி ஜெம்மா கதறுகிறாள். இவன் ஆபீஸ் காதலி ஹெலியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுகிறான். மனுசனா இவன்?

தம்பி, ஜெம்மா வெளி மார்க்கின் மனைவி. ஓடியது உள் மார்க். அவன் பிறந்தே இரண்டு வருசம்தான் ஆகிறது, அதுவும் ஆபீஸ் மேசையில். ஜெம்மா விபத்தில் செத்துவிட்டாள் என்று நம்பி அழுதவன் வெளியே இருப்பவன். அந்தத் துக்கத்தை எட்டு மணி நேரமாவது மறக்கத்தான் இவனை உண்டாக்கினான். கதவைத் தாண்டினால் உள் மார்க் மறுபடி கண் விழிப்பான் என்று யார் சொல்ல முடியும்?

அதற்கு முன்னால் கேமராவில் இருவரும் மாறி மாறிப் பேசிக்கொள்கிறார்களே, சாவி அங்கேதான் இருக்கிறது. இரண்டு நினைவையும் ஒன்றாக்கிவிடலாம் என்று வெளி மார்க் இனிக்க இனிக்கப் பேசுகிறான். ஆனால் ஹெலியின் பெயரை 'ஹெலனி' என்கிறான்! பெயரே தெரியாதவன் நம்மை எங்கே காப்பாற்றப் போகிறான் என்று இவனுக்குத் தோன்றாதா? அப்படியும் லூமன் அடைத்து வைத்திருந்த ஜெம்மாவைப் பத்திரமாக வெளியே தள்ளிவிட்டுத்தான் திரும்புகிறான். என் தீர்ப்பில் அவன் துரோகி இல்லை.

கீழக்கரை: அண்ணன், ஹெலி தூக்கு மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் போகிறாள். அவளுடைய வெளி ஆள் ஹெலினா வேலையை விட மறுக்கிறாள். அப்படியென்ன கல்நெஞ்சு?

ஹெலினா முதலாளியின் மகள், தங்கச்சி. சில்லு நல்லது என்று ஊருக்குக் காட்டத்தான் தன் மூளையில் வைத்துக்கொண்டாள். அவளே ராஜினாமா செய்தால் கம்பெனி மானம் போய்விடும். இரண்டாம் சீசனில் ஹெலி மார்க்கை முத்தமிடும் காட்சியைத் தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்க்கிறாள், கவனித்தீர்களா? அது வேவு இல்லை, பொறாமை. தன்னை யாரும் அப்படி நேசித்ததில்லை.

தங்கச்சிமடம்: மார்க்கோடு வேலை பார்க்கும் டிலன் திடீரென்று எப்படி மாறினான்?

வெளியே தனக்கு ஒரு மகன் இருப்பது தெரிந்துவிட்டது. அதன்பிறகு கம்பெனி பரிசாகக் கொடுக்கும் வாஃபிள் விருந்தெல்லாம் எம்மாத்திரம்!

மண்டபம்: தம்பி, மார்க்கின் பழைய மேலதிகாரி கோபெல் தன் ஊருக்குப் போகும் எபிசோட் வெறும் இழுவை.

சார், கடற்கரைக்காரர் நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி? லூமனின் ஈதர் (மயக்க மருந்து) ஆலை அந்தக் கடலோர ஊரை உறிஞ்சிவிட்டுப் போய்விட்டது, மிச்சமிருப்பவர்கள் போதையில் கிடக்கிறார்கள். சின்ன வயதில் அங்கே வேலை பார்த்த பெண்தான் கோபெல். சில்லை வடிவமைத்ததே அவள், பெயரோ முதலாளிக்கு. அந்த வடிவமைப்பு இருக்கும் பழைய நோட்டுப் புத்தகத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறாள். அதுவரை அவளை வெறும் கம்பெனி பக்தை என்று நினைத்திருந்தோம். பறிகொடுத்தவள் என்பது அங்கேதான் தெரிகிறது. வேகமாக ஓட்டியிருந்தால் அந்தக் கசப்பு நமக்கு ஏறியிருக்காது.

ராமேஸ்வரம்: ஆபீஸ் மேற்பார்வையாளர் மில்சிக் எந்தப் பக்கம்?

மில்சிக் கறுப்பினத்தவர் என்பதால் நிறுவனரின் முகத்தைக் கறுப்பாக வரைந்து பரிசு என்று கொடுக்கிறார்கள், பெரிய வார்த்தை பேசுகிறாய் என்று குறை எழுதுகிறார்கள். அவர் கண்ணாடி முன் நின்று தன் வாக்கியத்தை ஒற்றைச் சொல்லாகச் சுருக்கப் பழகுகிறார். பக்கம் மாறுவார் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன், ஆனால் கோபம் யார் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.