தேவசகாயமும் எபினும்

அன்புள்ள சார்,

எனக்குச் சொந்த ஊர் கருங்கல் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு பெங்களூரில் இருக்கிறோம். அடுத்த மாதம் பிரசவம். ஆண் பிள்ளை பிறந்தால் என் பாட்டாவின் பெயரை, தேவசகாயம் என்று, வைக்க வேண்டும் என்பது என் ஆசை. மாமி 'கெழட்டுப் பேரு' என்கிறார். அதோடு அது ஆர்.சி.க்காரர்கள் வைக்கிற பெயர், நமக்கு எதுக்கு என்றும் கேட்கிறார் (ஆர்.சி. என்றால் கத்தோலிக்கர்கள், நாங்கள் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட்). வீட்டுக்காரருக்கு எபின் என்று வைக்க வேண்டுமாம். சின்னதாக இருக்கிறது, கூப்பிடவும் சுலபம் என்கிறார்.

தேவசகாயம் என்பது லாசர் என்ற பெயரின் மொழிபெயர்ப்பு என்று வாட்ஸாப்பில் ஒரு தகவல் வந்தது. இரண்டுக்கும் ஒரு எழுத்துகூட ஒட்டவில்லையே, அது எப்படி? இந்தக் காலத்தில் இந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போனால் பிள்ளையைக் கேலி செய்ய மாட்டார்களா? என் பெயரைப் போட வேண்டாம். மாமி உங்கள் பக்கத்தைப் படிப்பவர்.

*

அன்புள்ள கருங்கல் வாசகிக்கு,

மாமிக்கும் என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள். சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள் என்றால் வேண்டாம்.

வாட்ஸாப்பில் வருவதில் நூற்றுக்கு ஒன்று சரியாக இருக்கும். அந்த ஒன்று உங்களுக்கு வந்திருக்கிறது. ஆரோனின் மகன் எலெயாசார் என்று பழைய ஏற்பாட்டில் படித்திருப்பீர்கள். எபிரேயத்தில் 'எல்' கடவுள், 'அசார்' உதவினார். கடவுள் உதவினார் என்பதுதான் மொத்தப் பெயர். அது கிரேக்கத்துக்குப் போனபோது முன்னெழுத்து உதிர்ந்து லாசரோஸ் ஆனது. லத்தீனில் லாசருஸ், போர்ச்சுகீசியரோடு கப்பலேறியபோது லாசரோ. நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது லாசர் என்ற ஒலி மட்டும்தான் மிச்சம். எழுத்து ஒட்டவில்லை என்கிறீர்கள். எழுத்தை விட்டுவிட்டு, வழியில் உதிர்ந்துபோன பொருளைத் தேடி எடுத்து உருவாக்கிய பெயர் தேவசகாயம்.

நம் புனிதர் தேவசகாயத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர். 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்ட அவர்கள் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடமே படைப்பயிற்சி கொடுக்கச் சேர்ந்தார் அல்லவா, அவரோடு பழகி நீலகண்டன் கிறிஸ்தவரானார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். அங்கே கிடைத்த பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம். மீதிக் கதையை நம் ஊரில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இதில் பிடித்தது மூலத்தைவிட மொழிபெயர்ப்புதான். 'சஹாய' என்ற வடசொல்லுக்கு உதவி என்பது இரண்டாவது பொருள். முதல் பொருள் 'கூடவே செல்பவன்'. அந்தக் காலத்துக் கடிதத் தலைப்பில் 'கடவுள் துணை' என்று போடுவார்களே, அதே துணை. வடநாட்டில் ராம்சஹாய் என்று வைக்கிறார்களே, அதே சஹாய். கையைக் கட்டி, எருமையின் மேல் ஏற்றி, ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லப்படும் ஒரு மனிதருக்கு, உதவி செய்பவனைவிடக் கூட வருபவன் என்ற பொருள் இன்னும் நெருக்கமாகப் படுகிறது எனக்கு.

புதிய ஏற்பாட்டில் இரண்டு லாசர்கள் உண்டு. ஒருவர் கல்லறையிலிருந்து நாலாம் நாள் எழுந்து வந்தவர். இன்னொருவன் பணக்காரன் வாசலில் கிடந்த பிச்சைக்காரன், நாய்கள் வந்து அவன் புண்ணை நக்கும். இயேசு சொன்ன உவமைக் கதைகளிலேயே, அதே கதையில் வரும் ஆபிரகாமை விட்டுவிட்டால், பெயர் உள்ள ஒரே ஆள் அந்தப் பிச்சைக்காரன்தான். பணக்காரனுக்குக்கூடப் பெயர் கிடையாது. மனிதர் ஒருத்தரும் உதவாத ஒருவனுக்குக் 'கடவுள் உதவினார்' என்று பெயர். உங்கள் பாட்டாவுக்குப் பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். அவருடைய பாட்டாவுக்கு அந்தப் பெயர் இருந்திருக்கும், வைத்திருப்பார்கள்.

பொருளைப் பெயர்க்கும் இந்தப் பழக்கம் ஏசு சபைப் பாதிரியார்கள் தமிழுக்குக் கொடுத்த கொடை. பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் கடவுளின் அருள், ஆகவே அருளப்பர். யோசேப்பு என்றால் பெருகட்டும், ஆகவே வளன். வீரமாமுனிவர் தன் சொந்தப் பெயரான கான்ஸ்டான்சோவையே தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டவர். வடக்கன்குளத்தில் நீலகண்டனுக்குத் தண்ணீர் ஊற்றியபோது அவர் உயிரோடு இருந்தார். என்னோடு படித்த ஒரு முடியப்பனுக்கு முப்பது வயதிலேயே தலை வழுக்கை. பெயரையும் தலையையும் சேர்த்து எத்தனையோ கேலி செய்திருக்கிறோம். ஸ்டெஃபனோஸ் என்றால் கிரேக்கத்தில் மகுடம், அந்த முடிதான் இந்த முடி என்று எனக்குத் தெரிய வந்தபோது அவன் ஊரைவிட்டே போய்விட்டான்.

கடற்கரையில் கதை வேறு. அங்கே 1544இலேயே சவேரியார் வந்துவிட்டார். பெயர்களும் போர்ச்சுகீசியச் சத்தத்தோடு அப்படியே இறங்கின. சூசை, மிக்கேல், லாசர். உள்நாட்டுப் பக்கம் வந்தால்தான் ஞானமுத்து, சுவிசேஷமுத்து, தேவசகாயம். ஒரே பெயர் அலையோரத்தில் ஒலியாகவும் பனங்காட்டில் பொருளாகவும் இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இது என் காதில் விழுந்ததை வைத்துச் சொல்வது, அளந்து பார்த்ததல்ல.

மாமி சொல்லும் ஆர்.சி. விஷயம் பாதி சரி. பெயர் அங்கிருந்து தொடங்கியது, அங்கேயே நிற்கவில்லை. லண்டன் மிஷன் பாதிரியார் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் ஊழியம் தொடங்கியபோது அவருக்குத் துணையாக நின்றவர் வேதமாணிக்கம். பிற்பாடு நம் குமரி மாவட்டத்துக்கே தலைவரானவர் நேசமணி. சி.எஸ்.ஐ. குடும்பங்களில் இப்படிப்பட்ட பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. தேவசகாயமும் தாராளம், உங்கள் பாட்டாவே சாட்சி. லண்டன் மிஷன் காலத்தில் உபதேசியார்களுக்கு இங்கிலாந்திலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயரை வைக்கும் வழக்கமும் இருந்தது. இங்கிலீஷ் பெயர் நம் வீடுகளுக்குள் நுழைந்த வாசல்களில் அது ஒன்று.

அப்புறம் தேவசகாயம் ஏன் கெழட்டுப் பேராயிற்று? கோவிலில் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். நான் சிறுவனாக இருந்தபோது தேவசகாயத்தின் மகன் ஞானமுத்து என்று வாசித்தார்கள். பிறகு ஞானமுத்துவின் மகன் ஜஸ்டின் என்றார்கள். இப்போது ஜஸ்டினின் மகன் அஜின். மூன்று தலைமுறையில் பெயர் பாதிப் பாதியாகக் குறைந்துகொண்டே வருகிறது. இங்கிலீஷ் மீடியம் ஒரு காரணம். கல்ஃப் போகிறவனுக்குப் பாஸ்போர்ட் படிவத்துக் கட்டங்கள் ஒரு காரணம். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் மலையாளக் காற்று பெரிய காரணம். அபின், ஜெபின், ஷிபின், லிபின். இன்று கருங்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று 'லேய் பின்னு' என்று கத்திப் பாருங்கள், நாலு பேர் திரும்புவார்கள். (இந்தக் காற்றில் வந்த ஒன்றை மட்டும் எனக்குப் பிடிக்கும். ஆன்டோவை நம் ஆட்கள் ஆன்றோ என்று எழுதுவார்கள். சென்னைக்காரர் அதைப் படித்தால் 'ஆன்றோர் சான்றோர்' என்று வணங்குவார்.)

நட்டாலத்துத் தேவசகாயத்துக்கு 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முக்திப்பேறு பட்டம், 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம். அதற்குப் பிறகு பெயர் திரும்பி வந்திருக்கிறது, ஆனால் ஆலய முகப்பிலும் ஆட்டோ கண்ணாடியிலும்தான் அதிகம். பிள்ளைகளுக்கு வைத்தாலும் ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டாவது பெயராக வைக்கிறார்கள். ஊர் முழுக்கத் தேவசகாயம் பிள்ளை என்று சொல்லிப் பழகிய பெயரில் கடைசிச் சொல்லைப் புனிதர் பட்டத்துக்கு முன்பே வத்திக்கான் எடுத்துவிட்டது. நல்லது. சாதியைக் கழற்றிய பிறகு பெயர் யாருடைய பிள்ளைக்கும் பொருந்தும்.

கேலியைப் பற்றிக் கேட்டீர்கள். செய்வார்கள். என் வகுப்பில் ஒரு சகாயம் இருந்தான். கடையில் 'சகாய விலை' என்று போர்டு பார்த்தால் போதும், அவனை எவ்வளவுக்குத் தருவார்கள் என்று கேட்போம். ஆனால் எபின் என்று வைத்தால் விட்டுவிடுவார்களா? பையன்களுக்குக் கேலி செய்யப் பெயர் தேவை, பொருள் தேவையில்லை. ஒரு தேவசகாயம் 1975இல் சண்டிகரில் மாவட்ட ஆட்சியராக இருந்தார். நெருக்கடி நிலையில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் அவருடைய காவலில்தான் இருந்தார். நம் மாவட்டத்துக்காரர். பஞ்சாபிகள் அந்தப் பெயரைச் சிரமப்பட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். சொல்லிப் பழகியிருப்பார்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர் விஷயம். எபின் என்பது எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் கேளுங்கள். பலர் அதை எபெனேசரின் சுருக்கமாகத்தான் வைக்கிறார்கள். பெலிஸ்தரை வென்ற பிறகு சாமுவேல் ஒரு கல்லை நட்டு அதற்கு வைத்த பெயர் எபெனேசர். 'எபென்' கல், 'ஏசெர்' உதவி. உதவிக்கல். லாசருக்குள் இருக்கும் அதே உதவிதான் இதற்குள்ளும் இருக்கிறது. அதாவது நீங்களும் அவரும் இத்தனை நாளாக ஒரே வேர்ச்சொல்லின் இரண்டு கிளைகளைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு வித்தியாசம், எபின் என்று வெட்டியபோது கல் மட்டும் கையில் நின்றுவிட்டது, உதவி போய்விட்டது. இதை அவரிடம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாதீர்கள்.

பதிவேட்டில் தேவசகாயம், வீட்டில் எபின் என்று வைத்துக்கொள்ளலாம். எபெனேசர் தேவசகாயம் என்று சேர்த்து வைப்பவர்களும் உண்டு. அது 'நடு சென்டர்' மாதிரிதான், ஆனால் உதவி இரண்டு முறை வருவதில் குறையில்லை. எதை வைத்தாலும் பிறப்புச் சான்றிதழில் இங்கிலீஷ் எழுத்தை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். சஹாயம் என்றா, சகாயம் என்றா? என் உறவினர் ஒருவருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் ரேஷன் கார்டில் இன்னொன்றும் விழுந்து, இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அவர் நடந்த நடை கொஞ்சமல்ல.

பெண் பிள்ளை பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. நீலகண்டனின் மனைவி பார்கவி அம்மாள். ஞானஸ்நானத்தில் அவருக்குத் தெரேசா என்று பெயர், தமிழில் ஞானப்பூ. தெரேசாவுக்கு அது எப்படி மொழிபெயர்ப்பு ஆகும் என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், ஆகாது. யாருக்கோ அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அப்படிக் கூப்பிடத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். மாமியிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் வேண்டாம்.