மடியில் இருக்கும்போது மட்டும் உறுமுகிறது

வாசகர் கேள்விகள்: இந்த வாரம் சிவாவா நாய்

கேள்வி: எங்கள் சிவாவாவுக்கு 2 வயது, எடை இரண்டரை கிலோ. என் மடியில் இருக்கும்போது கணவர் பக்கத்தில் வந்தால் உறுமுகிறது. போன வாரம் அவர் விரலைக் கவ்வியும்விட்டது. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் பயப்படுவதுதான் சரி. நானும் சிரித்தவள்தான். எங்கள் சிவாவா சுண்டு முதல் தடவை உறுமியபோது, வந்தவர்களிடமெல்லாம் வேடிக்கையாகக் காட்டிக்கொண்டிருந்தோம். இருபது கிலோ நாய் அதே மாதிரி பல்லைக் காட்டியிருந்தால் அன்றைக்கே பயிற்சியாளரைத் தேடி ஓடியிருப்போம். சுண்டுவிரல் அளவு நாய்தானே என்று விட்டுவிட்டோம். உறுமினால் ஆள் விலகிப்போவார் என்பதை அவன் அதற்குள் படித்துக்கொண்டான்.

அவன் பக்கத்து நியாயத்தைத் தெரிந்துகொள்ள ஒருநாள் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தேன். (எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டது.) அங்கிருந்து பார்த்தால் வீடு முழுக்கக் கால்கள்தான். எந்தக் கால் எப்போது மிதிக்குமோ தெரியாது. போதாததற்கு, மேலேயிருந்து கைகள் வந்து கேட்காமல் தூக்குகின்றன. சிவாவா எடுத்த எடுப்பில் உறுமுவதில்லை. முதலில் உடம்பு விறைக்கும், காது பின்னால் படியும், நாக்கு உதட்டை நக்கும். நாம்தான் அதையெல்லாம் கவனிப்பதில்லை.

உறுமியதற்காக அதட்டாதீர்கள். அந்தச் சத்தத்தை அடக்கிவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். பேசாமல் மடியைச் சரித்துத் தரையில் இறங்கவையுங்கள், போதும். அப்புறம், அது சும்மா இருக்கிற தூரத்தில் கணவர் நின்றுகொண்டு, பிடித்த தின்பண்டத்தைத் துளித்துளியாகப் போடட்டும். ஒவ்வொரு நாளும் ஓரடி நெருங்கலாம். விறைத்தால் பழைய தூரத்துக்கே போய்விட வேண்டும். சாப்பாட்டுத் தட்டையும் அவரே வைக்கட்டும். தூக்கும் முன் எல்லோரும் குனிந்து, கையைக் காட்டி, “தூக்கட்டுமா?” என்று கேளுங்கள். சுண்டுவுக்கு இது பிடிபட மூன்று வாரம் ஆனது. விருப்பம் இருந்தால் முன்காலை நீட்டுவான். இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், நாங்களும் விட்டுவிடுவோம்.

ஒன்று விட்டுப்போயிற்று. இந்த உறுமல் திடீரென்று ஆரம்பித்தது என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த இனத்தில் முழங்கால் சில்லு நழுவுவதும் பல்வலியும் சாதாரணம். வலிக்கிற இடத்தில் கை படுமோ என்று பயந்தும் உறுமும்.

கேள்வி: எங்கள் 10 வாரக் குட்டி அடிக்கடி நடுங்குகிறது. குளிரா, நோயா?

பதில்: பெரும்பாலும் குளிர். எடையோடு ஒப்பிட்டால் இதற்குத் தோலின் பரப்பு அதிகம், உடம்புச் சூடு சீக்கிரம் போய்விடும். பயந்தாலும் நடுங்கும், உற்சாகம் வந்தாலும் நடுங்கும். ஆனால் குட்டி சாப்பிடாமல் இருந்து, துவண்டு, தள்ளாடி நடுங்கினால் ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். சுண்டு குட்டியாக இருந்தபோது ஒரு வேளை சாப்பாட்டைத் தவறவிட்டு, தூங்குகிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கினால் ஈரத்துணி மாதிரி தொங்கினான். அப்படி நேர்ந்தால் தேனோ சர்க்கரைப்பாகோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கொஞ்சம் தெளிந்துவிட்டது என்று பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள். இந்த வயதில் சாப்பாட்டை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

கேள்வி: கழுத்துப்பட்டை நல்லதா, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் நல்லதா?

பதில்: ஹார்னஸ். சிவாவாவின் மூச்சுக்குழாய் எளிதில் தளர்ந்து அமுங்கக்கூடியது. கழுத்தில் கயிறு இழுத்தால் அதற்கு ஆகாது. வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: உச்சந்தலையில் ஓரிடம் மெத்தென்று இருக்கிறது. ஊனமா?

பதில்: கைக்குழந்தையின் உச்சிக்குழி மாதிரிதான் அது, மொலேரா என்பார்கள். பல சிவாவாக்களுக்கு உண்டு. சிலவற்றுக்கு வளர்ந்த பிறகும் மூடாது. அது இருப்பதாலேயே மூளையில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. வலிப்பு வந்தாலோ, ஒரே பக்கமாக வட்டமடித்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். அந்த இடத்தை யாரும் அழுத்திப் பார்க்க வேண்டாம். விருந்தாளிகளுக்கு அதில் என்ன ஆசையோ!

கேள்வி: ‘டீகப்’ சிவாவா ஒன்று விலைக்கு வருகிறது. வளர்ந்தாலும் ஒரு கிலோவைத் தாண்டாதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படி ஒரு தனி இனம் கிடையாது, அது விற்பவர்கள் வைத்த பெயர். சாதாரண சிவாவாவே உலகின் மிகச் சிறிய நாயினம். அமெரிக்க இனத் தரவரையறையில் அதிகபட்ச எடையே 6 பவுண்டு, அதாவது சுமார் 2.7 கிலோ. அதற்கும் கீழே குறைக்கக் குறைக்க எலும்பு மெலியும், சர்க்கரை இறங்கும் ஆபத்து கூடும், மயக்க மருந்து கொடுப்பதும் சிக்கலாகும். எங்கள் சுண்டு இரண்டே கால் கிலோ. சோபாவிலிருந்து குதித்ததற்கே முன்கால் முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தான். அதில் பாதிகூட இல்லாத நாய் எங்கிருந்து குதிக்கலாம் என்று அந்த ஆளிடமே கேட்டுப் பாருங்கள்.